வேப்பம்பலகை ஏன் பிய்கிறது?

கேள்வி: 4-ம் எண் இரும்பு இழைப்புளி புதிதாக வாங்கினேன். அலமாரிக் கதவுக்காக வேப்பம்பலகையை இழைத்தால், நாலு தள்ளு தள்ளுவதற்குள் சீவல் இழைப்புளியின் வாயில் (பிளேடு வெளிவரும் துளையில்) அடைத்துக்கொள்கிறது. அடைக்காதபோது மரம் செதில் செதிலாகப் பிய்கிறது. இதைத் தள்ளிவிட்டு 5-ம் எண் வாங்கலாமா? அப்பாவின் பழைய மர இழைப்புளியும் வீட்டில் இருக்கிறது.
- வாசகர், தென்காசி

பதில்: வாங்க வேண்டாம். 5-ம் எண்ணிலும் இதே 2 அங்குல பிளேடு, இதே 45 பாகைச் சாய்வுதான். நீளம் மட்டும் 14 அங்குலம். உங்கள் தொல்லை அதிலும் அப்படியே வரும்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் பிளேடின் மேல் திருகியிருக்கும் தகடு. இரண்டையும் சேர்த்துத் திருகி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவே கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் சீவல் அங்கேதான் நுழைந்து மடிகிறது. கண்ணாடிப் பலகை மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பர் ஒட்டி, மேல் தகட்டின் முன் உதட்டை அதில் தேயுங்கள். தேய்க்கும்போது தகட்டின் வால் பக்கம் கண்ணாடிக்கு வெளியே சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். அப்போதுதான் உதட்டின் நுனி மட்டும் பிளேடில் பதியும்.

பிறகு பிளேடு. கடையிலிருந்து வருவது தீட்டிய பிளேடு அல்ல, வெறுமனே சாணை பிடித்தது. முதலில் பின்பக்கத்தை நுனியிலிருந்து ஒரு செ.மீ. அளவுக்கு மட்டும் 400, 1000, 2000 என்று சமமாகத் தேயுங்கள். முழுத் தகட்டையும் பளபளப்பாக்குவது வீண் வேலை. சரிவுப் பக்கம் 25 பாகை, கடைசி நுனி மட்டும் 30. பின்பக்கம் விரலை வைத்தால் முழு அகலத்துக்கும் பிசிறு தட்டுப்பட வேண்டும். ஓரிடத்தில் தட்டுப்படாவிட்டால் அங்கே இன்னும் கூர் ஏறவில்லை. பிசிறை 2000-ல் எடுத்துவிடுங்கள்.

இனி மரம் பிய்வது. வேம்பில் நார் ஒரு பட்டை இந்தப் பக்கம், அடுத்த பட்டை எதிர்ப்பக்கம் என்று பின்னிக் கிடக்கும். பலகையைத் திருப்பிப் போட்டு இழைத்தாலும் பாதி இடம் எதிர்நாராகவே இருக்கும். அதனால் முதலில் மூலைவாட்டாக இழைத்து மட்டம் பாருங்கள். பிறகு நீளவாக்கில் முடிக்கும்போது, மேல் தகட்டின் உதடு பிளேடு நுனியிலிருந்து 0.3 முதல் 0.5 மி.மீ. தூரத்தில் நிற்கட்டும். புதிய இழைப்புளியில் இது ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அளவுகூடத் தள்ளி நிற்பதுண்டு. நெருக்கமாக இருந்தால்தான் சீவல் எழும்பியதும் முறிந்துபோகும். நாரை ஆழத்திலிருந்து பிடுங்காது. ஆனால் கூடவே வாயையும் குறுக்கினால் சீவலுக்கு வழியில்லாமல் மறுபடி அடைக்கும். பிளேடு உட்காரும் சாய்வுக் கட்டையை வாயின் பின் ஓரத்துக்கு நேராக நிறுத்தினால் போதும்.

சீவல் செய்தித்தாளைவிட மெல்லியதாக வர வேண்டும். பிளேடை உள்ளே இழுத்தபின் பித்தளைத் திருகை முன்பக்கமாகத் திருப்பி, தளர்வு போகும் வரை இறுக்குங்கள். இல்லாவிட்டால் இழைக்க இழைக்க பிளேடு தானாகப் பின்வாங்கும். அடிப்பரப்பில் மெழுகுவர்த்தியை நாலு கோடு இழுத்துவிட்டால் தள்ளுவதில் பாதிச் சிரமம் குறையும்.

அப்பாவின் மர இழைப்புளியைப் பரணில் போடாதீர்கள். பிளேடு நுனியை லேசாக வில்போல் வளைத்துத் தீட்டினால், ரம்பத் தடம் போக்க அதைவிட வேகமான கைக்கருவி இல்லை. பிளேடின் தலையில் தட்டினால் இறங்கும், கட்டையின் பின்புறம் தட்டினால் ஏறும். ஒவ்வொரு முறையும் ஆப்பை இறுக்குங்கள். 5-ம் எண் தேவைப்படுவது, ஆறேழு அடி வாசற்கதவின் ஓரத்தை நேராக்கும் வேலை வரும்போதுதான்.

வேலை முடிந்ததும் தூசியைத் தட்டி, தையல் மெஷின் எண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள். மறுநாள் இழைக்கும் முன் அந்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். பலகையில் பட்டால் அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காது.