ஓராண்டாக நின்ற டிரெய்லரில் டிராக்டரை ஏற்றித் தென்காசிக்கு அனுப்ப வேண்டும். டிரெய்லரை எப்படித் தயார் செய்வது?

சென்னை மணலியில் உறவினருடைய, பக்கச்சுவர் இல்லாத 20 அடி பிளாட்பெட் டிரெய்லர் ஓராண்டுக்கு மேலாக ஓடாமல் நிற்கிறது என்றும், செங்குன்றத்தில் வாங்கிய 45 குதிரைத்திறன் டிராக்டரையும் அதன் பின்னால் மாட்டும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டரையும் அதில் ஏற்றித் தென்காசிக்கு அனுப்பப் போவதாகவும், அதற்கு முன் டிரெய்லரில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில், "இரண்டு டன் எடைதானே, இருபது டன் தூக்கும் வண்டிக்கு இது ஒரு சுமையா?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாதவரத்தில் 19 ஆண்டுகளாக டிரெய்லர் ஓட்டியும் ஓட்டுவித்தும் பிழைப்பவன் என்ற முறையில், அந்தக் கடைசி வரியிலிருந்துதான் என் பதிலைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

எடை குறைவாக இருப்பதே இந்தப் பயணத்தின் முதல் சிக்கல். 20 டன்னுக்கென்று அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள் 2 டன்னுக்கு வளைந்து கொடுப்பதில்லை. ஆகவே சாலையின் ஒவ்வொரு பள்ளமும் இணைப்பும் அப்படியே தளத்துக்கு ஏறி, வண்டி துள்ளிக்கொண்டே போகும். மேலே நிற்கும் டிராக்டருக்கோ பின்பக்கம் ஸ்பிரிங் கிடையாது, காற்றடைத்த பெரிய டயர்கள் மட்டுமே உண்டு. கீழே துள்ளும் தளம், மேலே பந்து போலக் குதிக்கும் டிராக்டர், இரண்டுக்கும் நடுவில் நீங்கள் கட்டிய சங்கிலி என்பதுதான் நிலைமை. டயர் அமுங்கும் ஒவ்வொரு முறையும் சங்கிலி தளரும், எழும்பும்போது வெடுக்கென்று இழுபடும். பிரேக்கிலும் இதே கதைதான்: சுமை குறைந்த டிரெய்லரின் சக்கரங்கள் ஓங்கி மிதித்தால் எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்கும். முழு லோடு ஏற்றிய வண்டியை ஓட்டிப் பழகிய ஓட்டுநர்கூட இதில் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, சங்கிலி மாட்டும் வளையங்கள். இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் அடிபட்டுக் கற்ற பாடம் இது. 2014 கார்த்திகையில், மழை விட்ட ஒரு காலை நேரத்தில், உங்களுடையதைப் போன்ற ஒரு டிராக்டரை ஏற்றிக்கொண்டு தெற்கே போனேன். அச்சிறுபாக்கத்துக்கு அருகே மாடு ஒன்று நடுத்திட்டைத் தாண்டிக் குறுக்கே வந்ததால் ஓங்கி பிரேக் மிதித்தேன். பின்னால் இரும்பு கிழிபடும் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் சங்கிலியில் ஒரு கண்ணிகூட விரியவில்லை, அதை இறுக்கும் டைட்னரும் அப்படியே இருந்தது; இடது பின் வளையம் மட்டும் தான் பற்றவைக்கப்பட்டிருந்த தகட்டோடு பிய்ந்து சங்கிலியின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தகட்டைக் கையில் எடுத்தேன். மேல்பக்கம் பளபளவென்று சிவப்பு பெயிண்ட், அடிப்பக்கம் நெய்யில்லாமல் சுட்ட அப்பளம்போல் ஏடு ஏடாகத் துரு. விரலால் அழுத்தினாலே பொடிந்தது. டிராக்டர் ஒரு சாண் முன்னால் நகர்ந்து, சக்கரத்துக்கு அடித்திருந்த கட்டையில் முட்டி நின்றிருந்தது. அந்தக் கட்டையும் வலது பின் சங்கிலியும் இல்லாவிட்டால் அது கேபினுக்குள் வந்திருக்கும்.

மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக்காற்று செய்யும் வேலை இது. துரு வெளியே தெரியும் இடத்தைவிடத் தண்ணீர் தங்கும் அடிப்பக்கத்தில்தான் முதலில் பிடிக்கும். ஆகவே டார்ச் விளக்கோடு தளத்துக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு வளையத்தையும் அது பற்றவைக்கப்பட்ட தகட்டையும் சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மொத்தென்று விழும். வெல்டிங் ஓரத்தில் தலைமுடி போலக் கோடு தெரிந்தால் அது பெயிண்ட் விரிசல் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். புதிதாக வளையம் வைக்க வேண்டி வந்தால் தளத்தில் விரித்திருக்கும் செக்கர் தகட்டின்மேல் வைக்காமல், அடிச்சட்டத்தின் நீள உத்திரத்திலோ குறுக்கு உத்திரத்திலோ பிடிக்குமாறு வைக்கச் சொல்லுங்கள். வெறும் தகட்டில் வைத்த வளையத்தின் பலம் அந்தத் தகட்டின் கனத்தோடு முடிந்துபோகிறது.

கணக்காகப் பார்த்தாலும் இதுவே விளங்கும். அமெரிக்கச் சரக்குக் கட்டு விதிகளும் ஐரோப்பியத் தரமும், கட்டப்பட்ட சரக்கு முன்புறம் தன் எடையில் 0.8 பங்கு, பக்கவாட்டிலும் பின்புறமும் 0.5 பங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கின்றன. 2 டன் டிராக்டருக்கு முன்புறம் 1.6 டன் என்று வருகிறது. கண்ணியில் 8 அல்லது 80 என்று பொறிக்கப்பட்ட, 80-ஆம் தரத்தைச் சேர்ந்த 10 மி.மீ. சங்கிலி தூக்கும் வேலையிலேயே 3.15 டன் தாங்கக்கூடியது. நான்கு மூலைக்கு நான்கு சங்கிலி போட்டால் சங்கிலியில் குறையே இருக்காது. குறை வந்தால் அது வளையத்தில்தான் வரும். ஆனால் இந்தச் சங்கிலியைப் பாரிமுனைப் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில் புதிதாகவே வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் வாங்கி நானும் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன், ஆனால் எந்தச் சுமையில் இழுபட்டது என்று தெரியாத பழைய சங்கிலியை மட்டும் வாங்குவதில்லை.

மஞ்சள் நைலான் கயிற்றில் டிராக்டரைக் கட்டி அனுப்புவதை இன்றைக்கும் சாலையில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. நைலான் இழுத்தால் நீளும். முதல் 20 கிலோமீட்டரிலேயே கட்டு தளர்ந்துவிடும். கைப்பிடியால் இறுக்கும் 50 மி.மீ. ராட்செட் பெல்ட் நல்லதுதான், ஆனால் கூரான இரும்பு விளிம்பில் உரசினால் கத்தி பட்டதுபோல் அறுந்துவிடும் என்பதால், நான் அதை ரோட்டவேட்டருக்கும் பானெட்டுக்கும் மட்டும் பயன்படுத்துகிறேன். அப்போதும் விளிம்பில் பழைய டியூப் துண்டை மடித்து வைக்க வேண்டும்.

டயர்களுக்கு வருவோம். ஓராண்டு ஒரே இடத்தில் நின்ற டயரில் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் மேடு, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைவிட அதன் வயதுதான் முக்கியம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பக்கச்சுவரில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தால் அந்த டயரை மாற்றிவிடுங்கள். ஜோடி டயர்களில் உள்ளே இருப்பது காற்றிறங்கிக் கிடந்தாலும் வெளியே தெரியாது, ஆகவே அதன் வால்வையும் தேடிப் பிடித்துக் காற்றளவு பாருங்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைக் கழற்றி பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் போடுவதற்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளைத் தயவுசெய்து செலவிடுங்கள். வண்டி நின்ற காலத்தில் ஈரம் புகுந்த பேரிங், மே மாத வெயிலில் விழுப்புரம் தாண்டும்போதுதான் தன் நிலைமையைக் காட்டும். சக்கர நட்டுகளைக் கழற்றி மாட்டிய பிறகு 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் முறுக்க வேண்டும்.

காற்று பிரேக்குக்கு, டேங்கின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, அழுத்தம் முழுதாக ஏறியதும் எஞ்சினை அணைத்து, அமைதியான நேரத்தில் குழாய்கள் நெடுகக் காதை வைத்துக் கேளுங்கள். பிரேக் லைனர், விளக்குகள், பின்புறப் பிரதிபலிப்புப் பட்டை, தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவை நீங்களே அறிந்தவை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, வண்டியின் அளவை மீறிச் சரக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். ஆகவே ரோட்டவேட்டரைப் பின்னால் மாட்டியபடி நீட்டிக்கொண்டு போகாமல், கழற்றித் தளத்தில் இறக்கித் தனியாகக் கட்டுங்கள். அதைத் தொங்கவிட்டால் அதைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் கைகளும் வழியெல்லாம் அடிபடும்.

ஏற்றும்போது செய்ய வேண்டியவற்றில், டிராக்டரின் இடது வலது பிரேக் மிதிகளை இணைக்கும் கொக்கியைப் போடுவதுதான் முதல் வேலை. வயலில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்திருப்பார்கள். அப்படியே சாய்தளத்தில் ஏறி ஒரு மிதியை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாகத் திரும்பிக் கீழே விழும். பிளாட்பெட்டின் தளம் ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரம் இருக்கும். 4.5 மீட்டர் பலகை வைத்தால் அது மூன்றுக்கு ஒன்று என்ற கடுஞ்சரிவு. எடை பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும் டிராக்டர், இந்தச் சரிவில் முன்னோக்கி ஏறினால் முன்சக்கரம் தூக்கி மல்லாந்துவிடக்கூடும். பின்னோக்கி ஏற்றுவது அதைவிடப் பாதுகாப்பு. கிடங்கு மேடையிலிருந்து சமமாக ஓட்டி ஏற்றுவது எல்லாவற்றிலும் பாதுகாப்பு. மேடைக்கு வாடகை கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். டிராக்டரை டிரெய்லரின் பின் ஆக்சில்களுக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள், அங்கேதான் துள்ளல் அதிகம். டிரெய்லரை முன்வண்டியோடு இணைக்கும் கிங் பின்னுக்கும் ஆக்சில்களுக்கும் நடுவில் நிற்கட்டும்.

செக்கர் தகட்டில் டயர் வழுக்கும் என்பதால், நான் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டுகளை விரிப்பது வழக்கம். டிராக்டரின் பின் டயர்களில் வயலுக்கென்று 12 பிஎஸ்ஐ அளவில் காற்று இருக்கும். அதை அந்த டயருக்கு அனுமதித்த உச்ச அளவுக்கு ஏற்றிவிட்டுப் பிறகு கட்டுங்கள், குதிப்பு வெகுவாகக் குறையும். கியரில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை வைத்துத் தளத்தோடு அசையாமல் அடியுங்கள். டிரெய்லரின் முன்புறம் இருக்கும் இரண்டு சங்கிலிகள் முன்னோக்கியும், பின்புறம் இருக்கும் இரண்டும் பின்னோக்கியும் இழுக்குமாறு, தளத்தோடு 45 பாகைக்கு மிகாத கோணத்தில் கட்ட வேண்டும். பிரேக் மிதிக்கும்போது டிராக்டரைப் பிடித்து நிறுத்துபவை பின்னோக்கி இழுக்கும் அந்த இரண்டும்தான். முன் ஆக்சிலின் கனத்த வார்ப்பிலும் பின் ஆக்சில் ஹவுசிங்கிலும் கட்டுங்கள். ஸ்டீயரிங் தண்டு, ஹைட்ராலிக் கைகள், கால்பலகை, கூரைக் கம்பி ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். டைட்னரின் கைப்பிடியை மடக்கியபின் கம்பியால் கட்டிவிடுங்கள், துள்ளலில் தானே திறந்துகொள்ளும்.

செங்குத்தான சைலன்சர் என்றால் அதன் வாயில் தகர டப்பா ஒன்றைக் கவிழ்த்து, நழுவாதபடி கம்பி சுற்றிவிடுங்கள். டர்போ உள்ள எஞ்சினில், ஓடும் வண்டியின் காற்று புகுந்து எண்ணெய் இல்லாமலே டர்போவைச் சுழற்றி அதன் பேரிங்கைத் தேய்த்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள். இவையெல்லாம் முடிந்ததும், டப்பாவோ கூரையோ எது உயரமோ அதன் உச்சியிலிருந்து தரைவரை டேப்பால் அளந்து, அந்த எண்ணை ஓட்டுநரின் கண்முன் எழுதி ஒட்டுங்கள். வெளிவட்டச் சாலை வழியாக வண்டலூர் போய், தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் நகரத்தின் ரயில்வே சுரங்கப்பாதைகளில் நுழைய வேண்டியதில்லை. மதுரைக்குத் தெற்கே உள்ள திருமங்கலத்தில் பிரிந்து, திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் தாண்டி, உங்கள் ஊருக்குள் திரும்பும் கடைசிச் சில கிலோமீட்டரில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளும் புளியங்கிளைகளும்தான் நிஜமான ஆபத்து. அங்கே ஒருவர் இரு சக்கர வண்டியில் முன்னால் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்க விதியில் முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீட்டருக்குள், சரக்கைக் கட்டிய சங்கிலிகளைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. என் அனுபவத்தில் முதல் தளர்வு அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. புறப்பட்ட 15 கிலோமீட்டரில் ஒரு முறை, வண்டலூரில் ஒரு முறை, பிறகு டீக்கு நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் நான்கு சங்கிலிகளையும் கையால் ஆட்டிப் பார்த்து இறுக்கச் சொல்லுங்கள். அப்போதே ஹப்புகள் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தால், ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அந்தப் பேரிங்கோ பிரேக்கோ சரியில்லை என்று தெரிந்துவிடும். வேகம் 50-ஐத் தாண்ட வேண்டாம், ஒரு நாள் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

ஊரில் இறக்கும்போது ஆசையில் எல்லோரும் கூடி நான்கு சங்கிலிகளையும் ஒரே நேரத்தில் அவிழ்ப்பார்கள். அதை அனுமதிக்காதீர்கள். டிராக்டரில் ஒருவர் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்த பிறகு, சரிவின் மேல்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கும் இரண்டு சங்கிலிகளைக் கடைசியில் அவிழ்த்து, அதற்கும் பிறகே கட்டைகளை எடுக்க வேண்டும். பேட்டரி வயரை மாட்டுங்கள். சைலன்சர் மேலிருக்கும் டப்பாவை எடுத்துவிட்டுச் சாவியைத் திருகுங்கள்.