நமீப் பாலைவனத்துச் சவ்வுக்கால் பல்லி: கேட்டதும் சொன்னதும்

ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் நான் பார்த்த, வாத்துக்கால் மாதிரி விரல்களுக்கிடையே சவ்வுள்ள பல்லியைப் பற்றிப் போன வாரம் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மதுரைப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

திருமங்கலத்து அக்கா: மணலில் இருக்கிற பல்லிக்கு வாத்துக்கால் எதற்கு?

நம் வீட்டுப் பல்லியின் விரலடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. சுவரைப் பிடிப்பது அவைதான். உதிரி மணலில் பிடிக்க என்ன இருக்கிறது, அக்கா? அங்கே மண்வெட்டிதான் வேண்டும். இந்த நமீப் பல்லியின் விரல்களை இணைக்கும் சவ்வுக்குள் குருத்தெலும்பும் தசையும் உண்டு. அந்தக் காலால் மணலை வாரித் தள்ளி வளை தோண்டிவிடும். பகல் முழுக்க வளைக்குள் இருந்துவிட்டு, ராத்திரிதான் இரைக்கு வெளியே வரும்.

மேலூர் நண்பர்: மழையே இல்லாத இடத்தில் தண்ணீருக்கு என்ன செய்யும்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. நமீப் பாலைவனம் கடலோரத்தில் இருக்கிறது; அந்தக் கடற்கரையை ஒட்டி பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. அதனால் கடலிலிருந்து மூடுபனி கிளம்பிப் பாலைவனத்துக்குள் வரும். அந்தப் பனிதான் இதற்குக் குடிநீர்.

நமீபியாவின் ஸ்வாகோப்முண்ட் ஊருக்கு வெளியே, விடியுமுன் ஒரு மணல்மேட்டுச் சரிவில் ஒன்றைப் பார்த்தேன். மொத்தமே ஒரு சாண் இருக்காது. வெளிர் ரோஜா நிறம். தோல் அவ்வளவு மெல்லிசு, வயிற்றுப் பக்கம் உள்ளுறுப்புகள் நிழலாகத் தெரிந்தன. பெரிய கண்ணின் மேல் பனித்துளி திரண்டு நின்றது. நாக்கை நீட்டியது, கண்ணை ஒரு வழி வழித்துத் துளியை உள்ளே இழுத்துக்கொண்டது. மூச்சுவிடக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவற்றுக்கு இமை கிடையாது, கண்ணை நாக்கால்தான் துடைக்க வேண்டும். உங்கள் வீட்டு டியூப்லைட் பக்கத்துப் பல்லியும் அதைத்தான் செய்கிறது, கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

உசிலம்பட்டி மாணவி: இருட்டில் பச்சையாக மின்னுமாமே, மின்மினி மாதிரியா?

இல்லைம்மா. மின்மினி தன் ஒளியைத் தானே உண்டாக்கும். இது தன் மேல் படும் புற ஊதா ஒளியை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தருகிறது. மியூனிக் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டது 2021இல்தான். கண்ணைச் சுற்றியும் விலாவின் கீழ்ப்பக்கமும் மட்டுமே ஒளிர்கிறது. மேலிருந்து பார்க்கும் பறவைக்கு அது தெரியாது, தரையோடு நிற்கும் இன்னொரு பல்லிக்குத் தெரியும். நிலவொளியில் ஒன்றையொன்று கண்டுகொள்ள உதவலாம் என்பது அவர்கள் கருத்து.

விளாச்சேரித் தம்பி: நம் தேரிக்காட்டில் கிடைக்குமா? பிடித்து வளர்க்கலாமா?

கிடைக்காது. நமீபியா, தெற்கு அங்கோலா, தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு, அவ்வளவுதான் அதன் உலகம். வளர்க்கிற ஆசையும் வேண்டாம் தம்பி, மூடுபனியை எங்கே போய்க் கொண்டுவருவாய்? உனக்கு நாகமலை பக்கம்தானே? அந்த மாதிரிக் கல்லும் முள்ளுமான காட்டில், கரையான் புற்றுகளில் தங்குகிற பல்லி ஒன்று உண்டு. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு அழகாக இருக்கும். இருட்டியதும் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு டார்ச்சோடு போய்ப் பார். கல்லைப் புரட்டினால் மட்டும் இருந்தபடியே திரும்ப வைத்துவிடு, அடியில் முட்டை இருக்கலாம்.