விருந்தாளிக்கு இடம் உண்டு, ஊர்க்காரருக்கு?

கேள்வி: வேலூருக்குள் 400 சதுர அடியில் சிறு வீடுகள் வரவேண்டும் என்று விடாமல் எழுதுகிறீர்களே, நாலு விருந்தாளி வந்தால் எங்கே படுப்பார்கள்?
- ஒரு வாசகர், சத்துவாச்சாரி

பதில்: இந்த ஊர் பாதி நடப்பதே விருந்தாளிகளால்தான். சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் பாபு ராவ் தெருவுக்குள் போய்ப் பாருங்கள். போர்டு வங்காளத்தில், ஓட்டலில் மீன் குழம்பும் சோறும். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், ஒற்றை அறையில் தங்குகிறார்கள். நோயாளி அம்மா கட்டிலில், மகன் கீழே பாயில், மூலையில் ஸ்டவ், வராண்டாவில் கொடி கட்டி ஈரத்துணி. சிறிய இடத்தைக் கட்டவும் அதில் குடும்பம் நடத்தவும் வேலூருக்குத் தெரியும். நாள் வாடகை வருமென்றால் உடனே கட்டுகிறார்கள்.

ஆனால் ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டுகிற அம்மாவுக்கும், நேதாஜி மார்க்கெட்டில் விடியுமுன் மூட்டை இறக்குகிறவருக்கும் கட்டுப்படியாகிற மாத வாடகையில் நகரத்துக்குள் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அவர்கள் ஆற்காட்டிலிருந்தும் கணியம்பாடியிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்.

அப்புறம், விருந்தாளி எங்கே படுப்பார் என்றா கேட்டீர்கள்? கொசப்பேட்டையில் அந்தக் காலத்தில் திண்ணையில் படுத்தார். அந்தத் திண்ணையை விழுங்கியது ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம். மழை பெய்தால் சாக்கடை நேராகக் கூடத்துக்கு வருகிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-லேயே உத்தரவிட்டார். அடுத்த வருடமே நம் ஊரில், நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தக்கூட இல்லாமல் சக்கரத்தோடு சேர்த்து சிமென்ட் ரோடு போட்டார்கள். 'ரோடு போடுவதையும் குறை சொல்வதா' என்று எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எழுதட்டும். நான் நிறுத்தப் போவதில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். ஜி.எஸ்.டி. வரிச் சலுகைக் கணக்கில் வேலூர் மாதிரி ஊரில் 90 சதுர மீட்டர், 45 லட்சம் ரூபாய் வரை 'மலிவு வீடு'. மூட்டை தூக்குகிறவர் 45 லட்சத்துக்கு எங்கே போவார்? பிரதமர் வீட்டுத் திட்டத்தில் ஏழைக்குச் சொன்ன அளவு 30 சதுர மீட்டர், அதாவது 323 சதுர அடி. அதை எந்த இடத்தில் கட்டுவது?

20-க்கு 30 அடி மனையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் 5 அடி, ஒரு பக்கம் 3 அடி காலியிடம் விட்டால் 600-ல் மிஞ்சுவது 425 சதுர அடி. மீதி 175 சதுர அடி பழைய பக்கெட்டும் உடைந்த நாற்காலியும் போட்டு வைக்கிற சந்து. பழைய தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டினார்கள், காற்றுக்கு நடுவே முற்றம் விட்டார்கள். 2019 கட்டட விதிகளிலும் 'தொடர் கட்டடப் பகுதி' என்று இதற்கு வழி இருக்கிறது. 2024-ல் 2,500 சதுர அடி மனை வரை சுயசான்றில், அதாவது கட்டுபவரே சான்று கொடுத்தால், உடனடி அனுமதி என்று அரசு கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் அது மனை இருப்பவருக்கு. மனை இல்லாதவருக்கு வாடகை வீடு வேண்டும், அதுவும் வேலைக்கு நடந்து போகிற தூரத்தில்.

தூரம்தான் பெரிய விஷயம். சென்னையில் குடிசையைக் காலி செய்து ஊர்க்கோடியில் இருக்கிற கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களிடம் கேளுங்கள். வீடு சிறியது என்பதைவிட, பிழைப்பும் பிள்ளைகளின் பள்ளியும் எட்டாத தொலைவுக்குப் போனதைத்தான் முதலில் சொல்வார்கள். வேலூரிலும் ஏழைக்கு வீடு என்றால் ஊர்க்கோடியில் புறம்போக்கு தேடுகிற பழக்கம் போக வேண்டும்.

நம் ஊர் தோட்டப்பாளையம், சைதாப்பேட்டை, காகிதப்பட்டறை மாதிரி இடங்களில் சிறு மனைகளில் ஒட்டிக் கட்ட அனுமதி கேட்டு மாநகராட்சி மாமன்றம் தீர்மானம் போட்டு, நகர் ஊரமைப்புத் துறைக்கு அனுப்பட்டும். மாடியில் ஒற்றை அறை கட்டி உள்ளூர்க் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுகிறவருக்கு வீட்டு வரியில் சலுகை கொடுக்கட்டும். மாமன்றத்தில் 60 வார்டுகளுக்கும் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். உங்கள் வார்டுக்காரரிடம் நீங்கள் கேளுங்கள், என் வார்டுக்காரரிடம் நான் கேட்கிறேன்.