மின் ரப்பிஹிம் ஏன் மிர்ரப்பிஹிம் ஆகிறது?

குர்ஆனில் ‘மின் ரப்பிஹிம்’ என்று நூன் (அரபியின் ‘ன்’ எழுத்து) போட்டு எழுதியிருக்க, ஓதுகிறவர்கள் ‘மிர்ரப்பிஹிம்’ என்கிறார்களே, அந்த நூன் எங்கே போனது, இதற்குச் சட்டம் ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. பெயர் இத்ஃகாம், அதாவது ஒரு எழுத்தை அடுத்ததில் கலப்பது. நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. கூத்தாநல்லூர் பக்கம் ஒரு சின்ன ஊர். சுபுஹு தொழுகை முடிந்ததும் மதரஸாவுக்கு ஓதப் போய், உஸ்தாதிடம் ஆறேழு வருஷம் குட்டு வாங்கிய அளவுக்குத் தெரியும்.

பாங்கை, அதாவது தொழுகைக்கான அழைப்பைக் கவனித்துக் கேளுங்கள். எழுத்தில் ‘அஷ்ஹது அன் லா இலாஹ’. மோதினார் சொல்வது ‘அல்லா இலாஹ’. அடுத்து ‘முஹம்மதன் ரஸூலுல்லாஹ்’. காதில் விழுவது ‘முஹம்மதர் ரஸூலுல்லாஹ்’. குல்ஹுவல்லாஹு சூராவில் (சூரா என்றால் குர்ஆனின் அத்தியாயம்) ‘யகுன் லஹு’ என்பதைச் சின்னப் பிள்ளைகூட ‘யகுல்லஹு’ என்றுதான் ஓதும். சட்டத்தின் பெயர் தெரியாமலே எல்லோர் வாயிலும் இது இருக்கிறது.

சட்டம் இவ்வளவுதான்: சொல்லின் கடைசியில் சுக்கூன் பெற்ற (உயிரொலி சேராத) நூனோ, தன்வீனோ (நூன் எழுதாமலே ‘ன்’ ஒலி தரும் குறி) இருந்து, அடுத்த சொல் யா, ரா, மீம், லாம், வாவ், நூன் என்ற ஆறில் ஒன்றில் தொடங்கினால், முதல் நூன் அந்த எழுத்துக்குள் கலந்துவிடும். ஆறையும் கோத்து ‘யர்மலூன்’ என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். நூனிலேயே நிறுத்திவிட்டால் கலப்பு கிடையாது; சேர்த்து ஓதும்போது மட்டும்.

ஆனால் ஆறும் ஒரே மாதிரி இல்லை, அங்கேதான் நம்மவர்கள் சறுக்குவது. லாம், ரா வந்தால் நூன் சுவடில்லாமல் போய்விட வேண்டும். யா, நூன், மீம், வாவ் வந்தால் மூக்கில் ஒரு ரீங்காரம் இரண்டு ஹரகத் (குறில் ஒன்றைச் சொல்லும் அளவு) நேரம் நிற்க வேண்டும். அதுதான் ஃகுன்னா. எங்கள் உஸ்தாது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓதச் சொல்வார். ‘மிர்ரப்பிஹிம்’மின் ‘ர்ர’ தடையில்லாமல் வர வேண்டும். அடைத்துக்கொண்டு வந்தால் ஃகுன்னா கலந்துவிட்டது என்று அர்த்தம். ‘மய்யகூலு’ (எழுத்தில் ‘மன் யகூலு’) ஓதினால் பொத்திய மூக்கில் சத்தம் முட்ட வேண்டும். (மார்கழியில் பாதிப் பேருக்குச் சளி. அப்போது இந்தச் சோதனை கிடையாது.)

ஃகுன்னா ஏதோ வெளியூர்ச் சங்கதி என்று பயப்பட வேண்டாம். ‘அவன் வந்தான்’ என்று வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி ‘ன்’னைத் தொடவே தொடாது, மூக்கு மட்டும் வேலை செய்யும். நூனுக்குப் பின் வாவ் வந்தால் கிட்டத்தட்ட அதேதான், கொஞ்சம் நீட்டினால் போதும். ‘அவன் யாரு’ என்பது யாவுக்கு. வம்பு ரா, லாமில்தான். ‘அவன் ராத்திரி வந்தான்’ என்பதிலும் நம் மூக்கு சும்மா இருக்காது. அதே பழக்கம் ‘மிர்ரப்பிஹிம்’மிலும் தொற்றிக்கொள்ளும்.

பழக ஒரே ஆயத் (வசனம்) சொல்வதானால் ஸில்ஸால் சூராவில் 7ஆவது: ‘ஃபமய்யஃமல் மிஸ்கால தர்ரதின் கைரய்யரஹ்’. ‘ஃபமன் யஃமல்’, ‘கைரன் யரஹ்’ இரண்டும் யாவுக்குள் கலக்கின்றன. நடுவில் ‘தர்ரதின் கைர’ கலக்காது. அங்கே அடுத்து வருவது தொண்டையில் பிறக்கும் கா. நூனைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரே சொல்லுக்குள் நூனுக்குப் பின் யாவோ வாவோ வந்தால் கலக்கக் கூடாது. குர்ஆனில் அப்படி வருபவை நாலே சொற்கள்: துன்யா, புன்யான், ஸின்வான், கின்வான். ‘துய்யா’ என்று ஓதினால் மூலச்சொல்லே அடையாளம் தெரியாமல் போய்விடும். 61ஆவது சூராவின் 4ஆவது ஆயத்தில் ‘புன்யானும் மர்ஸூஸ்’ என்று வருகிறது. உள்ளே இருக்கும் நூன் அப்படியே நிற்கும், கடைசித் தன்வீன் மீமுக்குள் கலக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

முஸ்ஹஃபிலேயே (குர்ஆன் பிரதியிலேயே) அடையாளம் இருக்கிறது. நம் பக்கம் புழங்கும் இந்திய அச்சில் அடுத்த சொல்லின் முதல் எழுத்தில் ஷத்து (எழுத்தை இரட்டிக்கும் குறி) போட்டிருந்தால் கலக்கச் சொல்கிறது. மதீனா அச்சில் யாவுக்கும் வாவுக்கும் அந்த ஷத்து இருக்காது. ஃகுன்னா மிச்சம் நிற்பதால் அது முழுக் கலப்பு இல்லை என்று கணக்கு. தமிழ் எழுத்தில் அச்சான யாசீன் சூரா புத்தகத்தை மட்டும் நம்பி ஓதாதீர்கள். ஒன்றில் ‘மின் ரப்பி’, இன்னொன்றில் ‘மிர்ரப்பி’ என்று அவரவர் இஷ்டம்.

இவ்வளவும் தேறிய தெம்பில் ஒருநாள் கியாமா சூராவின் 27ஆவது ஆயத்தை ‘வகீல மர்ராக்’ என்று கலந்து ஓதினேன். நூனுக்குப் பின்னால் ரா, சட்டப்படி சரிதானே? உஸ்தாது கையைக் காட்டி நிறுத்தினார். “தம்பி, ‘மன்’னுல நில்லு. மூச்சு விட்டுறாத. அப்புறம் ‘ராக்’.” குர்ஆன் ஓதும் முறைகளில் நாம் ஓதும் ஹஃப்ஸ் முறையில் அங்கே ஸக்தா, அதாவது மூச்சு விடாமல் சற்று நிறுத்துவது. சேர்த்து ஓதினால் இரண்டு சொல்லும் ஒரே சொல்போல் ஆகிவிடுமாம். முஸ்ஹஃபைப் பார்த்தேன், ராவின் மேல் ஷத்து இல்லை.