அரசியல் ஆலோசகர்கள் எந்தத் தொழிலிலிருந்து வருகிறார்கள்?

திருகோணமலையில் பிரதேச செய்தியாளராக இருக்கும் ஒருவர் மக்கள் தொடர்பு, அரசியல் ஆலோசனைத் துறைக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக மாறலாம், இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஐவி லீயே நியூயோர்க் நாளிதழ்களில் செய்தியாளராக இருந்தவர்தான். 1906இல் அத்திலாந்திக் சிட்டி அருகே நேர்ந்த ரயில் விபத்தை மூடிமறைக்காமல், தம்மை அமர்த்திய ரயில் நிறுவனத்தின் சார்பில் அறிக்கை எழுதிக் கொடுத்து, செய்தியாளர்கள் விபத்து நடந்த இடத்துக்கே செல்லவும் அவர் ஏற்பாடு செய்தார். எந்த வரிக்கு மறுகேள்வி வரும் என்பது, கேள்வி கேட்டுப் பழகியவருக்குத்தானே தெரியும்!

மற்றவர்கள் வேறு வழிகளில் வந்தார்கள்: 1979இல் பிரித்தானியாவில் மார்கரெட் தாட்சரின் தேர்தல் பிரசாரத்தில் பங்காற்றிய டிம் பெல் விளம்பரத்துறையிலிருந்தும், இந்தியத் தேர்தல் ஆலோசகராக அறியப்பட்ட பிரசாந்த் கிஷோர் பொதுச் சுகாதாரப் பணியிலிருந்தும் வந்தவர்கள். ஆகவே பட்டத்தைவிட அனுபவமே பெரிது என்பது என் கணிப்பு.

உங்கள் மாவட்டத்தையே பாருங்கள். திருகோணமலை, மூதூர், சேருவில என 3 தொகுதிகள். நாடாளுமன்றத்துக்கு 4 ஆசனங்கள். கட்சிக்குப் புள்ளடியிட்ட பின் அதன் பட்டியலில் உள்ள வேட்பாளர்களுக்கு 3 விருப்பு வாக்குகள் வரை அளிக்கலாம் என்பதால், ஒரே பட்டியலில் நிற்பவர்களே ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். இங்கே ஒரு துண்டுப்பிரசுரம் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பொருள் தருகிறதா என்று சரிபார்க்கத் தெரிந்தவருக்கே முதலில் வேலை கிடைக்கும்.