டிரசர் பதில்கள்: காண்டா தூக்கிய தோளில் ஒரு கட்டி

கேள்வி: வணக்கம் டிரசர் ஐயா. என் வீட்டுக்காரருக்கு வயது 58. இருபத்தைந்து வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது செம்பனைத் தோட்டத்தில் வேலை. வலது தோளுக்குப் பின்னால், பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமக்கும் காண்டாக் கம்பு உட்காரும் இடத்தில், எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி. ஏழெட்டு வருடமாக இருக்கிறது. வலி இல்லை. பக்கத்து வீட்டு அக்கா சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போடச் சொல்கிறார். இவரோ, கத்தி பட்டால் புற்றுநோயாகிவிடும் என்று கிளினிக் பக்கமே வர மறுக்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் சுண்ணாம்பை வெற்றிலைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள் அம்மா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது டாக்டருக்கு உதவியாக மருந்து கட்டுகிறவராக இருந்த காலத்தில், கட்டி கரையப் பத்துப் போட்டவர்களுக்கு வெந்துபோன தோலுக்குத்தான் மருந்து கட்டினேன். கட்டி அப்படியே இருக்கும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கொழுப்புக் கட்டி மாதிரிதான் தெரிகிறது. டாக்டர்கள் லைபோமா என்பார்கள். தோலுக்கடியில் கொழுப்பு செல்கள் ஒரு மெல்லிய பைக்குள் திரண்டு நிற்பது. நூற்றில் ஒருவருக்காவது வரும். நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் அதிகம். காண்டா தூக்கியதால் வந்தது என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வார். நாற்காலியை விட்டு எழுந்திராத கிராணி (தோட்டத்துக் கணக்கர்) ஒருவருக்கும் அதே தோளில் அதே கட்டியைப் பார்த்திருக்கிறேன். சில குடும்பங்களில் அப்பாவுக்கும் மகனுக்கும் வரும். எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினாலும், உடம்பு இளைத்தாலும் கட்டி இளைக்காது.

ஆனால் கடிதத்தைத் தொட்டுப் பார்க்க முடியாதே. அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். கட்டியின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து மெல்ல அழுத்துங்கள். கொழுப்புக் கட்டி பிசைந்த ரொட்டி மாவு போல மெத்தென்று இருக்கும், விரலுக்குப் பிடிகொடுக்காமல் வழுக்கி நகரும். நடுவில் கரும்புள்ளி போல ஒரு துவாரம் இருந்தால் அது வேறு வகை. உள்ளே நாற்றமடிக்கும் வெள்ளை மாவு இருக்கும். அமுக்கிப் பிதுக்க வேண்டாம், சீழ் பிடித்துவிடும். பிறகு தையல் டேப்பால் கட்டியை அளந்து, நாளைக் காலண்டரில் குறியுங்கள். எலுமிச்சம்பழத்திலும் சின்னது பெரியது உண்டல்லவா? 5 சென்டிமீட்டரைத் தாண்டினால், சில மாதத்துக்குள் பெருத்தால், கல் போல இருந்தால், அசையாமல் ஒட்டிக்கொண்டால், வலித்தால், தள்ளிப்போடக் கூடாது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலிருந்து, ஓர் அம்மா தொடையில் கட்டி என்று வந்தார். வரிசை வாசல் வரை நின்றது. சேலைக்கு மேலேயே ஒரு பார்வை பார்த்து, "கொழுப்புதான், போங்கம்மா" என்று அனுப்பிவிட்டேன். ஆறு மாதம் கழித்து வந்தபோதுதான் கை வைத்தேன். தசைக்குள் ஆழமாக, தேங்காய் அளவு. ஈப்போவுக்கு அனுப்பினோம். வெட்டி எடுத்துச் சோதித்ததில் கொழுப்புக் கட்டிதான் என்று வந்தது. நான் சொன்னது சரியாகிப்போனது, ஆனால் அதில் என் திறமை ஏதும் இல்லை. அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வியர்க்கும்.

கத்தி பட்டால் புற்றுநோய் வரும் என்பது லயத்துக் கதை. கொழுப்புக் கட்டி புற்றாக மாறுவதில்லை, வெட்டினாலும் மாறாது. அரசாங்க கிளினிக்குக்கு ஒரு வெள்ளியோடு (ரிங்கிட்) போங்கள். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். வளராமல், தொந்தரவு தராமல் இருந்தால் விட்டுவிடலாம். அவரே அதைத்தான் விரும்புவார். சட்டை உரசுகிறது, மல்லாந்து படுக்க முடியவில்லை என்றால், மரத்துப்போக ஊசி போட்டுப் பையோடு எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வரலாம். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. தையல் பிரிக்கும்வரை செம்பனைக் குலை தூக்கும் வேலை வேண்டாம். ஒரு குலையே 20 கிலோ வரும். தோளில் போட்ட தையல் அதைத் தாங்காது. மறக்காமல் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: இன்சுலின் போடும் இடத்தில், தொப்புளுக்குப் பக்கம் மெத்தென்று இரண்டு வீக்கம். இதுவும் கொழுப்புக் கட்டியா?
– வாசகர், கோல கங்சார்

பதில்: கொழுப்புதான், ஆனால் அது வேறு கதை தம்பி. ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே கொழுப்பு தடித்துவிட்டது. அங்கே வலி தெரியாது, அதனாலேயே கை அங்கேயே போகும். ஆனால் அந்த இடத்தில் மருந்து சரியாக ஏறாது. சர்க்கரை ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் தள்ளிப் போடுங்கள், ஊசியைப் புதிதாக மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: நல்ல இடத்துக்கு மாறியதும் அதே அளவு மருந்து வேகமாக வேலை செய்து சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மாற்றுவதற்கு முன்பே கிளினிக்கில் சொல்லி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் சில நாள் விரலில் குத்திப் பார்ப்பதை விடாதீர்கள், பையில் இரண்டு மிட்டாயும் இருக்கட்டும்.