பாய்லர் ரூம் கேள்வி பதில்: ரீசெட் பட்டன தொடுறதுக்கு முன்னாடி

இந்த தடவ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல கேஸ் பர்னர் பத்திதான், அதனால மத்தத அடுத்த இதழுக்கு வச்சிட்டேன். எழுதினவங்க பேர போடல, சில பேர் வேலைக்கு சிக்கலாயிடும்னு கேட்டுக்கிட்டாங்க.

கேள்வி: எங்க பாய்லர் காலையில முதல் ஸ்டார்ட்ல லாக் அவுட் ஆயிடுது சார், அதாவது பர்னர் தானா பூட்டிக்கிட்டு நின்னுடுது. நாலஞ்சு தடவ ரீசெட் பண்ணா பத்திக்கும், ஆனா பத்தும்போது 'டொம்'னு ஒரு சத்தம், முன்கதவு லேசா அதிருது. அப்புறம் நாள் முழுக்க நல்லாதான் ஓடுது. இதுக்கு பயப்படணுமா?

பதில்: பயப்படணும் சார். இன்னைக்கே நிறுத்துங்க. அந்த 'டொம்' ஒரு சின்ன வெடிப்புதான். வால்வு திறந்ததும் கேஸ் உள்ள வருது, ஸ்பார்க் சரியில்லாததால உடனே பத்தல, ரெண்டு மூணு செகண்ட்ல வந்த கேஸ் காத்தோட கலந்து உலைக்குள்ள நிக்குது, கடைசியில ஸ்பார்க் பிடிக்கும்போது நின்னுட்டிருந்தது மொத்தமும் ஒரே அடியா எரியுது. இயற்கை எரிவாயு காத்துல 5லேர்ந்து 15 சதவீதம் வரைக்கும் கலந்திருந்தா வெடிக்கும், எல்பிஜின்னா 2 சதவீதமே போதும். இன்னைக்கு கதவு அதிருது, நாளைக்கு நீங்க தீய பாக்கிற பீப் ஹோல்ல கண்ண வச்சிட்டு நிக்கும்போது கதவே வந்தா என்ன பண்றது?

ஒவ்வொரு ரீசெட்டுக்கும் பர்ஜ் ஓடுதே, அதாவது பத்த வைக்கிறதுக்கு முன்னாடி ஃபேன் உலைக்குள்ள காத்த ஊதி துடைக்குதே, கேஸ் வெளிய போயிடாதான்னு கேப்பீங்க. பர்ஜ் ஒழுங்கா ஓடினா போயிடும். உலையும் ட்யூப் பாஸும் (சூடான புகை போற குழாய்ங்க) சேர்ந்த கொள்ளளவுக்கு குறைஞ்சது 4 மடங்கு காத்து, டேம்பர் (காத்து வழிய திறந்து மூடுற தகடு) நல்லா திறந்த நிலையில, போகணும். ஒரு இடத்துல நான் பாத்தது இது: பேனல்ல பர்ஜ் லைட் எரியுது, டேம்பர திருப்புற சர்வோ மோட்டார் சுத்துது, எல்லாரும் சரின்னு நினைக்கிறாங்க, ஆனா சர்வோவயும் டேம்பரயும் சேர்க்கிற ராடோட ஸ்க்ரூ லூஸாகி தகடு கால்வாசிதான் திறந்து நிக்குது. எத்தன நாளா அப்படி ஓடுச்சுன்னு அங்க இருந்த யாருக்கும் தெரியல. இன்னும் சில இடத்துல ஸ்டீம் சீக்கிரம் வேணும்னு பர்ஜ் டைமயே குறைச்சு வச்சிருப்பாங்க, அத செய்றவங்களுக்கு கை நடுங்காதான்னு எனக்கு ஆத்திரமா வரும்.

காலையில மட்டும் வர்ற கோளாறுன்னா நான் முதல்ல பாக்கிறது ஸ்பார்க் குடுக்கிற எலக்ட்ரோடோட பீங்கான். ராத்திரி ஈரம் படிஞ்சு, மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருந்தா போதும், ஸ்பார்க் முனையில விழாம அந்த விரிசல் வழியா பாடிக்கு போயிடும், பாய்லர் சூடானப்புறம் ஈரம் காஞ்சு சரியாயிடும், நீங்களும் மறந்துடுவீங்க. கழட்டி ஈரத்துணியால துடைச்சுட்டு வெளிச்சத்துல திருப்பி திருப்பி பாருங்க, கருப்பா ஒரு கோடு தெரியும். முனை இடைவெளி மேனுவல்ல போட்ட அளவுல இருக்கணும், பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் கிட்ட வரும். அடுத்தது கேஸ் பிரஷர கட்டுப்படுத்துற ரெகுலேட்டர். பர்னர் நிக்கிறப்ப அது முழுசா மூடலன்னா ராத்திரி பூரா கசிஞ்சு கசிஞ்சு வால்வுக்கு முன்னாடி பிரஷர் ஏறியிருக்கும், காலையில முதல் தடவ கேஸ் வேகமா வந்து தீய ஊதி அணைச்சிடும். நாலஞ்சு தடவைல அந்த பிரஷர் இறங்கிடுறதால பத்திக்குது. ராத்திரி நிறுத்தும்போதும் காலையில ஸ்டார்ட்டுக்கு முன்னாடியும் கேஜ பாத்து எழுதி வைங்க, ரெண்டே நாள்ல தெரிஞ்சுடும்.

லாக் அவுட் ஆனா பேனல் காட்டுற எரர் கோட எழுதிக்கோங்க, காரணத்த பாருங்க, ஒரு தடவ ரீசெட் பண்ணலாம். ரெண்டாவது தடவயும் ஆச்சுன்னா மேனுவல் வால்வ மூடிட்டு சர்வீஸ் ஆள கூப்பிடுங்க. ரெண்டாவது ரீசெட்னு ஒண்ணு கிடையாது.

கேள்வி: 1 டன் ஸ்டீம் பாய்லர்ல டீசல் பர்னர எடுத்துட்டு கேஸ் பர்னர் போடப் போறோம். ஒருத்தர் பழைய பர்னர்லயே ஹெட் (தீ வர்ற முனை) மாத்தி தர்றேன்னு சொல்றார். எந்த சைஸ் வாங்கணும்?

பதில்: ஹெட் மாத்துற வேலைய வேண்டாம்னு சொல்லிடுங்க, பர்னர் கம்பெனியே தர்ற கேஸ் கிட்டா இருந்தா தவிர. சைஸ் கணக்கு எளிது. 100 டிகிரி தண்ணிய 1 மணி நேரத்துல 1,000 கிலோ ஆவியாக்க சுமார் 627 கிலோவாட் வேணும், பாய்லர் எஃபிஷியன்ஸி 90 சதவீதம்னு வச்சா பர்னர் கொடுக்க வேண்டியது சுமார் 700 கிலோவாட், இயற்கை எரிவாயுன்னா மணிக்கு ஏறக்குறைய 70 கன மீட்டர். ஆனா கிலோவாட் மட்டும் பாத்து வாங்கினவங்க நிறைய பேர் மாட்டிக்கிட்டிருக்காங்க. உலையோட பேக் பிரஷர் (உள்ள தள்ளுற காத்துக்கு உலை காட்டுற எதிர்ப்பு) எத்தன மில்லிபார்னு பாய்லர் கம்பெனிகிட்ட கேளுங்க, அந்த எதிர்ப்புல 700 கிலோவாட் தர்ற பர்னரான்னு அதோட வரைபடத்துல பாருங்க. தீயோட நீளமும் விட்டமும் உலைக்குள்ள அடங்கணும், பின்சுவத்துல போய் தீ இடிச்சா கார்பன் மோனாக்சைடு ஏறும், ட்யூப் பிளேட்டு வெல்டு விரிசல் விடும். பர்னர் குழாய் உள்ள எவ்வளவு நீட்டணும்ங்கிறதும் மேனுவல்ல இருக்கும். குழாய சுத்தி இருக்கிற இடைவெளிய பைபர் கயிறு வச்சு அடைக்காம விட்டா சூடு திரும்பி வந்து முன்தகட தின்னுடும்.

கேஸ் ட்ரெயின்ல, அதாவது பர்னருக்கு முன்னாடி குழாய்ல வர்ற வால்வு வரிசைல, காசு மிச்சம் பிடிக்காதீங்க. ஃபில்டர், ரெகுலேட்டர், குறைஞ்ச பிரஷர் ஸ்விட்ச், அதிக பிரஷர் ஸ்விட்ச், வரிசையா ரெண்டு ஷட் ஆஃப் வால்வு, இதுல எதையும் விட முடியாது. ரெண்டு வால்வு எதுக்குன்னு கேக்குறாங்க. வெல்டிங் பண்ணும்போது விழுற ஒரு துளி கசடு வால்வு சீட்ல உக்காந்தா அது மூடவே மூடாது, ரெண்டாவது இருந்தா உயிர் தப்பும். ரெண்டும் சரியா மூடுதான்னு ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் தானா சோதிக்கிற வால்வ் புரூவிங்கும் வாங்குங்க, ஐரோப்பிய தரத்துல 1,200 கிலோவாட்டுக்கு மேல அது கட்டாயம், உங்களுது அதுக்கு கீழதான், இருந்தாலும் வாங்குங்க.

கேள்வி: புது கேஸ் லைன் போட்டிருக்கோம். லீக் டெஸ்டும் காத்த வெளியேத்துறதும் எப்படி?

பதில்: லைன் டெஸ்ட் பண்ணும்போது கேஸ் ட்ரெயின கழட்டிட்டு, குழாய் வாய முழுசா அடைக்கிற பிளைண்டு ஃபிளேஞ்ச் போடுங்க. பர்னர் வால்வுங்க பல சமயம் சில நூறு மில்லிபாருக்குத்தான் செஞ்சிருப்பாங்க, லைனுக்கு ஏத்துற பிரஷர அதுல விட்டா உள்ள டயாஃப்ரம் கிழிஞ்சிடும், வெளிய பாத்தா எதுவும் தெரியாது. நைட்ரஜன் இல்லன்னா காத்து ஏத்துங்க, ஆக்சிஜன் கூடவே கூடாது. ஜாயிண்ட்ல சோப்பு தண்ணி தடவிட்டு அவசரமா நகர்ந்துடாதீங்க, சின்ன கசிவு உடனே குமிழி விடாது, ஒரு நிமிஷம் கழிச்சு ஃபிளேஞ்சோட அடிப்பக்கத்துல வெள்ளையா கடுகு கடுகா நுரை கட்டும், அதுதான் லீக். கேஜ் ராத்திரில கொஞ்சம் இறங்கினா உடனே லீக்னு முடிவு பண்ணாதீங்க, குழாய் 10 டிகிரி ஆறினா உள்ள இருக்கிற மொத்த அழுத்தம் 3 சதவீதம் கிட்ட தானா குறையும்.

காத்த வெளியேத்துறது, அதுலதான் ஆள் சாகிறாங்க. 2009 ஜூன் 9ஆம் தேதி அமெரிக்காவுல வட கரோலினா மாநிலம் கார்னர்ங்கிற ஊர்ல ஒரு இறைச்சி உணவு தொழிற்சாலைல, புதுசா வச்ச கேஸ் வாட்டர் ஹீட்டர் பத்தலன்னு குழாய்ல இருந்த காத்த கேஸால தள்ளி கட்டடத்துக்குள்ளயே திறந்து விட்டாங்க. கேஸ் வந்தா தெரியும்னு வாசனைய நம்பி இருந்தாங்க. வெடிச்சு 4 பேர் செத்தாங்க. வாசனைய நம்ப முடியாததுக்கு ரெண்டு காரணம் இருக்கு, கொஞ்ச நேரம் மோந்தா மூக்கு மரத்துப் போகும், அதோட புது இரும்பு குழாயே அந்த வாசனைப் பொருள உறிஞ்சிக்கும். அதனால ஹோஸ் போட்டு கட்டடத்துக்கு வெளிய, ஜன்னல், ஏசி, தீ எதுவும் பக்கத்துல இல்லாத இடத்துல விடுங்க, கேஸ் மீட்டர் கையில வச்ச ஆள் ஒருத்தர் நிக்கணும்.

வருஷ வேலைக்கு பாய்லர திறக்கும்போதும் வால்வு மூடியிருக்குன்னு நம்பி உள்ள போகாதீங்க, குழாய பிரிச்சு பிளைண்டு போடுங்க. அந்த பிரிக்கிற நேரமே ஆபத்தானது. 1999 பிப்ரவரி 1ல மிச்சிகன்ல ஃபோர்டு ரூஜ் பவர் ஹவுஸ்ல, வருஷ வேலைக்காக பாய்லர கேஸ்லேர்ந்து பிரிச்சிட்டிருக்கும்போது உலைக்குள்ள எரியாத கேஸ் சேர்ந்து வெடிச்சதுல 6 பேர் இறந்தாங்க.

கேள்வி: தீ நீலமா இருந்தா செட்டிங் சரிதானே?

பதில்: கண்ண வச்சு முடிவு பண்ண முடியாது. ஃப்ளூ கேஸ் அனலைசர வைங்க. ஹை ஃபயர்ல (தீ முழு அளவுல எரியும்போது) ஆக்சிஜன் 3 சதவீதம் கிட்ட, கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம்முக்கு கீழ நல்லா இறங்கி இருக்கணும், லோ ஃபயர்ல (தீ குறைஞ்ச அளவுல எரியும்போது) ஆக்சிஜன் கொஞ்சம் கூடவே இருக்கும். ட்யூன் பண்ணும்போது காத்த அதிகமா வச்சு ஆரம்பிச்சு மெல்ல குறைங்க.

கேள்வி: சத்தம் வெளிய போகுதுன்னு பாய்லர் ரூம் ஜன்னல அடைக்க சொல்றாங்க. அடைக்கலாமா?

பதில்: கூடாது. 1 கன மீட்டர் இயற்கை எரிவாயுவுக்கு ஏறக்குறைய 10 கன மீட்டர் காத்து வேணும். மேல சொன்ன 1 டன் பாய்லருக்கு மணிக்கு 700, கூடுதல் காத்தும் சேத்தா 800 கன மீட்டர். அடைச்சா அது எங்கேர்ந்து வரும்? வெளிய இழுக்கிற எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டாம், அது பர்னரோட காத்த பறிச்சிடும். கேஸ் டிடெக்டர, எல்பிஜின்னா தரைக்கு பக்கத்துல, இயற்கை எரிவாயுன்னா மேல கூரைக்கு பக்கத்துல மாட்டுங்க.

கேள்வி: அண்ணே, நான் ரெண்டு வருஷமா ஆபரேட்டரா இருக்கேன். ஏர் பிரஷர் ஸ்விட்ச் அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு ஒரு சின்ன ஒயர் போட்டு ஷார்ட் பண்ணி வச்சிருக்காங்க. ஆறு மாசமா அப்படியேதான் ஓடுது. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க.

பதில்: தம்பி, உன் கடிதத்த ரெண்டு நாளா கையிலயே வச்சிருக்கேன். ஃபேன் நின்னு போச்சு, இல்ல பெல்ட் அறுந்துச்சுன்னு கன்ட்ரோலருக்கு சொல்ற ஒரே காது அந்த ஸ்விட்சுதான். அந்த ஒயர் இருக்கிற வரைக்கும் காத்தே இல்லாம பர்ஜ் ஓடினாலும் கன்ட்ரோலர் ஓடிடுச்சுன்னே நம்பும், அடுத்து வால்வ திறக்கும். சரியா கட்டின கன்ட்ரோலர் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி, ஃபேன் ஓடாதப்ப, ஸ்விட்ச் திறந்திருக்கான்னு பாக்கும், உங்களுது ஒயர் போட்டும் ஸ்டார்ட் ஆகுதுன்னா அந்த சோதனையயும் யாரோ தாண்டியிருக்காங்க, அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு.

ட்ரிப்புக்கு காரணம் பெரும்பாலும் அல்பமா இருக்கும். ஃபேன் பிளேடுல தூசி அப்பியிருக்கும், ஸ்விட்சுக்கு போற சின்ன ட்யூப்ல தண்ணி நின்னுருக்கும், இல்ல அந்த ட்யூபே காஞ்சு வெடிச்சிருக்கும். பர்னர நிறுத்தி, கரண்ட் ஆஃப் பண்ணி, தகுதியான சர்வீஸ் ஆள வச்சு இத பாக்க ஒரு மணி நேரம் கூட ஆகாது. மேல இருக்கிறவங்ககிட்ட இத வாயால சொல்லாத, தேதி நேரத்தோட லாக் புக்ல எழுது, ஃபோட்டோ எடுத்து எழுத்துல அனுப்பு. கையெழுத்து போட்ட காகிதம் மேஜைக்கு வந்தா பல பேர் எழுந்திருப்பாங்க. உன் ஷிஃப்டுல அந்த நிலைமையில ஸ்டார்ட் பண்ண முடியாதுன்னும் அதுலயே எழுது.

ஒயர எடுத்தப்புறம் சர்வீஸ் ஆள உடனே போக விடாத, பக்கத்துல நின்னு ரெண்டு சோதனை பண்ண சொல்லு. லோ ஃபயர்ல ஓடும்போது ஸ்விட்ச் ட்யூப உருவணும், பர்னர் உடனே நின்னு லாக் அவுட் ஆகணும். அடுத்து திரும்ப ஸ்டார்ட் பண்ணி, தீ இருக்கும்போது தீய பாக்கிற சென்சார வெளிய எடுத்து கையால மூடணும், வால்வு ரெண்டும் 'டக்'னு அடிச்சு மூடுற சத்தம் உனக்கே கேக்கும். ரெண்டும் ஆச்சுன்னா அவர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கோ, ஒண்ணு தவறினாலும் மேனுவல் வால்வ பூட்டி சாவிய சூப்பர்வைசர்கிட்ட கொடுத்துடு.